கோலத்துக்கு வந்த தவளைகள்

எங்கள் வீடு தரைத்தளத்தில் இருக்கிறது. வாசலைத் தாண்டினால் நடைபாதை, அதை ஒட்டி நாங்கள் லோங்காங் என்று சொல்லும் மழைநீர்க் கால்வாய், அப்புறம் புல்வெளி. லிஃப்டுக்குக் காத்திருக்க வேண்டாம், குழந்தையின் தள்ளுவண்டியை நேரே உள்ளே உருட்டிவிடலாம் என்று ஆசைப்பட்டு வாங்கிய வீடு. அந்தப் புல்லுக்குள் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று அன்றைக்கு யோசிக்கவில்லை.

மகள் தவழ ஆரம்பித்ததும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எது கையில் சிக்கினாலும் நேரே வாய்க்குத்தான் போகும். ஒரு நாள் கிரில் கேட்டின் கம்பிகளுக்கிடையே கையை நீட்டி, வாசலில் நான் போட்டிருந்த கோலத்தை வழித்து நக்கிவிட்டாள். அது கடையில் பாக்கெட்டில் விற்கும் கல்மாவு. வாயைக் கழுவி, அள்ளிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினேன். ஒன்றுமில்லை என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் மிச்சமிருந்த கல்மாவைக் குப்பையில் கொட்டினேன். அதற்காகக் கோலத்தை நிறுத்தவும் மனம் வரவில்லை. அந்த ஞாயிறு தேக்கா சந்தைக்குக் காய்கறி வாங்கப் போனபோது பச்சரிசி மாவு வாங்கி வந்தேன். இனிமேல் நக்கினாலும் பாதகமில்லை. என்னைப்போல் கெட்டிக்காரி உண்டா என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

அரிசி மாவுக்கு எறும்பு வரும் என்று தெரியும். வந்து தின்றுவிட்டுப் போகட்டும், புண்ணியம்தானே. எறும்புக்குப் பின்னால் யார் வருவார்கள் என்பதுதான் தெரியாது.

மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், சீப்பின் பற்களில் நகத்தை இழுப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது. நின்றது, மறுபடி கேட்டது. வாசல் விளக்கைப் போட்டேன். கோலத்தின் ஓரத்தில் காய்ந்த இலைத் துணுக்கு மாதிரி ஒன்று கிடந்தது. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. பழுப்பு முதுகு, விலாவில் கறுப்புப் பட்டை. எறும்பு ஒன்று பக்கத்தில் வந்ததும் அந்த இலை லபக்கென்று முழுங்கியது. எனக்குக் கத்தக்கூட வரவில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்தே தவளை என்றால் எனக்கு ஆகாது. இது போதாதென்று, குழந்தையின் வாய்க்குள் முழுசாகப் போகிற அளவில் வேறு இருந்தது.

கணவர் கைபேசியில் தேடிப் பார்த்தார். குறுகிய வாய்த் தவளை இனமாம். தாவி மரமேறாது, தரையிலேயே இருக்கும், எறும்பும் கரையானும்தான் சாப்பாடு.

"ஒண்ணும் பண்ணாது லா. ஃப்ரீயா எறும்பு கிளீன் பண்ணுது, விடேன்" என்று சிரித்தார்.

நான் கிரில் கேட்டின் அடிப்பக்கத்தை அட்டை வைத்து அடைத்தேன்.

தவளைகள் பெருகின. மூன்றாவது மாடியில் இருக்கும் அக்கா ஞாயிறு பூசை முடிந்து தேவாலயத்திலிருந்து வந்தவர், எங்கள் வாசலில் நின்று காது கொடுத்துக் கேட்டார்.

"தவள இருக்குற எடத்துக்குப் பாம்பு வரும்மா. கைப்புள்ளய வச்சிருக்க, பாத்துக்க."

அக்கறையாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார், அவருக்கென்ன. அன்றிலிருந்து கொடியில் தொங்கிய பெல்ட் என்னைப் பயமுறுத்தியது. தரையில் கிடந்த சார்ஜர் வயர் பயமுறுத்தியது. சாயங்காலமானால் சமைத்துக்கொண்டே தவளைச் சத்தத்தைக் கேட்டபடி இருப்பேன். நடைபாதையில் யாராவது வந்தால் அவை சட்டென்று அடங்கும். செருப்புச் சத்தம் தேய்ந்ததும் மறுபடி ஆரம்பிக்கும்.

இன்னொரு நாள், இருட்டுவதற்கு முன்பே மழை விட்டிருந்தது. கணவர் வேலையிலிருந்து வரவில்லை. ஹாலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். மகள் கேட்டருகே எதையோ கிழித்து விளையாடிக்கொண்டிருந்தாள். வெளியே தவளைகள் ஓயாமல் கத்தின. திடீரென்று எல்லாம் அடங்கின. யாரோ வருகிறார்கள் என்று நினைத்தேன். செருப்புச் சத்தம் கேட்கவில்லை. யாரும் கடந்து போகவில்லை.

எப்படி எழுந்தேன் என்று தெரியாது. குழந்தையை அள்ளித் தூக்கியபோது அவள் கையில் நான் வைத்த அட்டை இருந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம், கோலத்தின்மேல், கறுப்பாக ஒரு பாம்பு அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அவள் கையை நீட்டியிருந்தால் தொட்டிருப்பாள். மரக்கதவைச் சாத்தி, அடியில் துண்டைச் செருகிவிட்டு, கணவரை அழைத்தேன். என் குரலைக் கேட்டதும் அவர் கேலி பேசவில்லை. கதவைத் திறக்காதே, வருகிறேன் என்றார்.

பாம்பு பிடிப்பவர்கள் வந்தபோது அது கால்வாய்க்குள் போய்விட்டிருந்தது. கோலத்தை நெளிநெளியாக அழித்திருந்த ஒரு தடம் மட்டும் மிச்சம். கணவர் குந்தி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இனிமேல் மாவுக் கோலம் வேண்டாம் என்றார். நானும் சரி என்றேன்.

ஸ்டிக்கர் கோலம் ஒட்டினோம். எறும்பு போயிற்று, தவளைகளும் போயின. அப்புறம் ஒரு மழை நாளில் வாசல் கப்சிப்பென்று இருந்தது. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். நானோ ஓடிப்போய் மகளைத் தூக்கிக்கொண்டேன். அன்றைக்குப் பாம்பு வந்ததை, கத்தலை நிறுத்தி எனக்குச் சொன்னது அந்தத் தவளைகள்தான். இப்போது வந்தால் யார் சொல்வார்கள்?

மறுநாளே போய் அரிசி மாவு வாங்கினேன். கால்வாயைத் தாண்டி, புல்வெளியின் அந்தக் கோடியில் ஒரு பிடி தூவினேன். கணவர் பார்த்துவிட்டார்.

"பாம்புக்கு விருந்தா?"

"அது வரத்தான் போவுது. வந்தா எனக்குத் தெரியணும்ங்க."

அடுத்த வாரம் மாவு தீர்ந்தபோது, நான் சொல்லாமலே அவர் வாங்கி வந்து வைத்திருந்தார்.

இப்போதெல்லாம் சாயங்காலமானால் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டருகே நிற்கிறேன். அவள் கீழே இறங்கத் திமிறுகிறாள். புல்லுக்குள் முதல் தவளை கத்தும்வரை நான் அவளைத் தரையில் விடுவதில்லை.