தெலுங்குல அழுதேன், திருத்தணி முருகன் கேட்டான்

முருகனை நம்பி வாழற உங்க எல்லாருக்கும் வணக்கம். என் பொண்ணு படிப்புக்காக நான் பட்ட பாட்டையும், மலையில நடந்ததையும் சொல்றேன்.

எங்க ஊர் ஆந்திராப் பக்கம். வீட்ல தெலுங்குதான். தறி வேலைக்காகத் திருத்தணி பக்கம் அம்மையார்குப்பம் வந்தோம். பொண்ணு ரேவதி எங்க ஊர்ல ஆறாவது வரைக்கும் தெலுங்குல நல்லாப் படிச்சவ. இங்க ஏழாவதுல சேர்த்தோம். தமிழ் எழுத்து புதுசு. வாயைத் திறந்தா பிள்ளைங்க சிரிச்சாங்க. கிளாஸ் டீச்சர் அவளைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பி, தெலுங்கு பேசக்கூடாதுன்னு கண்டிச்சாங்க. என்னைக் கூப்பிட்டு, "இவளுக்குப் படிப்பு ஏறாதுங்க"ன்னாங்க.

அதோட ரேவதி பேச்சையே விட்டுட்டா. வீட்லயும் பேசல. ஸ்கூலுக்குப் போகாம தறிகிட்ட வந்து நின்னா. என் வீட்டுக்காரர், வேலையாவது கத்துக்கட்டும்னார்.

ஒரு கிருத்திகைக்குத் திருத்தணி மலை ஏறினேன். வரிசையில நின்னுகினு, எம்பொண்ணுக்கு வாயைக் குடு சாமின்னு தெலுங்குல அழுதேன். எனக்கு முன்னாடி ஒரு அம்மா கைகூப்பி, "சுவாமி, மா அம்மனி காப்பாடு"ன்னாங்க. எங்க அம்மாவைக் காப்பாத்துன்னு அர்த்தம். முகம் திரும்புச்சு. ரேவதியோட கிளாஸ் டீச்சர்.

நான் அவங்க அம்மாவுக்கு என்னன்னு தெலுங்குல கேட்டேன். ஆஸ்பத்திரியில இருக்காங்கன்னு சொல்லி அழுதாங்க. தரிசனம் முடிஞ்சு உட்கார்ந்தப்ப சொன்னாங்க: "சின்ன வயசுல என்னையும் பார்த்து இப்படித்தாங்க சிரிச்சாங்க. வெளியில தெலுங்கு பேசறதையே விட்டுட்டேன். உங்க பொண்ணைப் பார்த்தா அந்தப் பயம் வருது. அதை அவ மேல காட்டிட்டேன்."

அடுத்த வாரம் டீச்சரே வீட்டுக்கு வந்து அவளைக் கூட்டிகினு போனாங்க. பாடத்தைத் தமிழ்ல நடத்திட்டு, எங்க மாதிரி தெலுங்கு வீட்டுப் பிள்ளைங்களுக்குத் தெலுங்குலயும் சொன்னாங்க. யாரும் சிரிக்கலையாம். ஒருநாள் சாயங்காலம் ரேவதி ஓடிவந்து, அறிவியல் கேள்விக்கு நான்தான் பதில் சொன்னேன்னு சொன்னா. எத்தனையோ நாள் கழிச்சு அவ குரலைக் கேட்டேன். அடுப்படியிலயே உட்கார்ந்துட்டேன். இப்ப பத்தாவது படிக்கிறா.

டீச்சரோட அம்மா பிழைக்கல. நான் கேட்டது கிடைச்சுது, அவங்க கேட்டது கிடைக்கல. ஏன்னு எனக்குத் தெரியல. அந்தத் துக்கத்துலயும் அவங்க எங்க பிள்ளைங்களைக் கைவிடல. அதுவும் முருகன் செயல்தான்னு கும்பிடறேன்.

முன்னல்லாம் ஸ்கூல் வாசல்ல நிக்கவே கூசுவேன். இப்ப புதுசா வர்ற தறிக்காரங்க பிள்ளைங்களை நானே கூட்டிப்போய்ப் பேசிச் சேர்க்கிறேன். உங்க பிள்ளைக்குப் படிப்பு வராதுன்னு யாராவது சொன்னா தலைகுனிஞ்சு திரும்பிடாதீங்க. முருகன்கிட்ட போங்க. உங்களுக்கு எந்தப் பேச்சு வருதோ அதுலயே சொல்லுங்க. அவனுக்குப் புரியும்.