முனாப்பின் முறைத் தண்ணீர்

கந்தளாய்க் குளத்து வாய்க்கால் ஓரத்தில் பழைய தண்ணீர் மில் ஒன்று இருந்தது. வெள்ளைக்காரத் துரை ஒருவர் அதைத் திருத்தி, சுற்றிலும் பூமரம் நட்டு, சனங்கள் வந்து பார்க்கும் பூங்காவாக்கிவிட்டார். காவல்காரர் தவராசா. மதகைத் திறந்து சக்கரத்தைச் சுற்றவிடுவது அவர் வேலை. வந்தவர்கள் வாயைப் பிளந்தால் போதும், மனிதருக்கு அன்றைக்குச் சோறே வேண்டாம்.

ஆனால் சக்கரத்திலிருந்து விழும் தண்ணீர் ஓடைக்குப் போய்விடும்; வயலுக்கு ஏறாது. ஆகவே வயல்காரருக்கு நாள் குறித்து விடும் முறைத் தண்ணீரில் அவர் கைவைக்கக்கூடாது.

திருகோணமலைத் துறைமுகத்தில் யப்பான்காரனின் குண்டு விழுந்த வருடம். சிறுபோகம் கதிர் ஈனும் நேரம். தவராசாவின் கூட்டாளி, வயல்காரன் முனாப், தன் மனைவி றம்லாவை மில் பார்க்கக் கூட்டிவந்தான். றம்லாவின் தம்பி அந்தக் குண்டில் செத்தவன். அன்றிலிருந்து அவள் முகத்தில் சிரிப்பில்லை. தவராசா மதகைத் திறந்தார். தண்ணீர் முகத்தில் தெறிக்க, றம்லா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

“இன்னும் கொஞ்சம் சுத்தட்டும் அண்ணன்,” என்றான் முனாப்.

அன்றைய முறை அவனுடைய வயலுக்குத்தான். சக்கரம் மிச்சத் தண்ணீரில் சுற்றுகிறது என்று அவன் நம்பினான். இல்லையென்று தவராசாவுக்குத் தெரியும். தெரிந்தும் பொழுது சாயும்வரை மதகை மூடவில்லை.

அடுத்த முறை வருமுன் கச்சான் காற்று முனாப்பின் வயலை வறுத்தெடுத்தது. பாதிக்கு மேல் பதர். சண்டையால் பர்மா அரிசியும் நின்றுபோன காலம். மேல்வயல் யோகலிங்கம்தான் வரம்பை வெட்டித் தண்ணீரைக் களவெடுத்தான் என்று முனாப் ஊரைக் கூட்டினான். தவராசாவுக்குச் சோறு இறங்கவில்லை. நாளைக்குச் சொல்வோம் என்றே நாட்களைக் கடத்தினார். மதகு திறக்கத் தெரிந்தவருக்கு வாய் திறக்கத் தெரியவில்லை.

தண்ணீர்ப் பிணக்குகளைத் தீர்க்கும் வட்டை விதானையார், கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யும்படி யோகலிங்கத்திடம் சொன்னார்.

“செய்யாத களவுக்கு நான் ஏன் சத்தியம் பண்ணோணும்? ஏலாது!”

“அப்ப அடுத்த போகம் உனக்குத் தண்ணி இல்லை.”

யோகலிங்கத்தின் மனைவி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அதற்குமேல் தவராசாவால் தாங்க முடியவில்லை.

“அவரை விடுங்கோ. தண்ணியை மில்லுக்குத் திருப்பினது நான்.”

முனாப் கையை ஓங்கிக்கொண்டு வந்தான். “ஏன் அண்ணன்? ஏன்?”

“றம்லா சிரிச்சா. மூட மனம் வரேல்ல.”

ஓங்கிய கை இறங்கியது. முனாப் யோகலிங்கத்திடம் போய் மன்னிப்புக் கேட்டான். பிறகு கூடியிருந்த எல்லோரையும் பார்த்துக் கும்பிடாத குறையாகச் சொன்னான்:

“றம்லாட்ட மட்டும் ஒருத்தரும் சொல்லிப்போடாதீங்க. தான் சிரிச்சதாலதான் வயல் போச்செண்டு நினைப்பாள். பிறகு சிரிக்கவே மாட்டாள்.”