நாரங்கா மிட்டாய் கரையும் நேரம்

வாயை மூடிக்கொண்டு சும்மா இருப்பதற்கு எனக்கு ஒரு மிட்டாய் வேண்டும். ஐம்பத்தைந்து வயதில், கல்லூரியில் ஒரு துறைக்குத் தலைவனாக இருக்கிறவன் வெளியே சொல்லிக்கொள்ளக் கூடிய விஷயமா இது? ஆனாலும் உண்மை. சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் இரண்டு நாரங்கா மிட்டாய் எப்போதும் கிடக்கும். ஆரஞ்சுச் சுளை வடிவில், மேலே சீனி ஒட்டி, பெட்டிக்கடைகளில் கண்ணாடிப் பரணியில் வைத்திருப்பார்களே, அதுதான். சர்க்கரை பார்க்கிற டாக்டர் ஒருமுறை அதைக் கண்டுபிடித்துவிட்டார். பேரப்பிள்ளைக்கு என்றேன். எனக்குப் பேரப்பிள்ளை கிடையாது. டாக்டர் பக்கத்து வீட்டுக்காரர் என்பது சொல்லி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

இந்த மிட்டாய்ப் பழக்கத்தைத் தொடங்கிவைத்தவர் ஓர் ஆராய்ச்சி மாணவி. தொண்ணூறுகளில் நான் நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளர். பாறசாலையிலிருந்து காலை பாசஞ்சரில் போய் வருவேன். எங்கள் கல்லூரியில் பாடம் இங்கிலீஷிலும் திட்டு மலையாளத்திலும் ரகசியம் தமிழிலும் நடக்கும். என் வகுப்பில் மட்டும் கூடுதலாகச் சிரிப்புச் சத்தம் கேட்கும். வராந்தாவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. என்னிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. இடது பக்கம் பாடம், வலது பக்கம் தமாஷ். எத்தனையாவது நிமிடத்தில் எதைச் சொல்ல வேண்டும் என்று சிவப்பு மையில் குறித்திருப்பேன். சில தமாஷுக்குக் கீழே, ‘இப்போதுதான் தோன்றியதுபோல் நிற்கவும்’ என்றுகூட எழுதியிருக்கும்.

எங்கள் துறைத் தலைவர் நல்ல மனிதர். சத்தத்தை வைத்துப் பாடத்தை அளப்பவர். துறையில் ஆராய்ச்சி மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கிய புதிதில் அவர்கள் பட்ட வகுப்புகளுக்குப் பாடம் எடுத்துப் பழக வேண்டும் என்று ஒரு ஏற்பாடு வந்தது. அவர்களைப் பழக்கும் பொறுப்பை என்னிடம் தந்தார். “எலே, உனக்க கிளாசுலதான் பிள்ளைங்க முழிச்சிருக்கு. நீயே பாத்துக்கோ” என்றார். எனக்குக் கிடைத்த முதல் ஆள் அந்த மாணவி. ஒற்றசேகரமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வருவார். ஆபீஸ் பியூன் தொடங்கி எல்லோரும் அவரை ‘ஸ்காலர்’ என்றே சொன்னார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

ஸ்காலர் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக இருந்தவர். வேலையை விட்டுவிட்டு ஆராய்ச்சிக்கு வந்திருந்தார். அந்த நாற்காலியில் அதற்குள் வேறொரு பெண் உட்கார்ந்தாயிற்று. துறைத் தலைவர் பின்வரிசையில் உட்கார்ந்து அவருடைய வகுப்பைப் பார்த்து, பாடம் எடுக்கத் தெரியும் என்று கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த ஆண்டு உதவித்தொகை. இல்லையென்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இதையெல்லாம் அவர் சாதாரணமாகச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த நான்தான் உடனே உதவிக்குக் கிளம்பினேன்.

நான் செய்த உதவி, என் நோட்டைக் கொடுத்தது. “பத்து நிமிஷத்துக்கு ஒண்ணு வச்சுப் போடுங்க. கிளாஸ் மிண்டாம, சத்தமில்லாம இருந்தா செத்துப்போச்சுன்னு அர்த்தம்” என்றேன். மறுநாள் நோட்டு என் மேசையில் இருந்தது. முழுதும் படித்திருந்தார், இரண்டு இடத்தில் என் சமன்பாட்டைப் பென்சிலால் திருத்தியிருந்தார். சிரித்ததற்கான அடையாளம் எதுவும் இல்லை.

“எனக்கு இது வராது சார்.”

“பின்னே என்ன செய்வீங்க?”

“ஒரு கேள்வி கேப்பேன். பதில் வாறது வர நிப்பேன்.”

“வரலன்னா?”

“நிப்பேன்.”



முதல் பார்வை வகுப்பு. கடைசி பெஞ்சில் துறைத் தலைவரும் அவர் பக்கத்தில் நானும். ஸ்காலர் மேசையில் ஒரு கிண்ணத்தில் சிவப்பு மை கலந்த தண்ணீரை வைத்து, முடி நுழையும் அளவே துளையுள்ள கண்ணாடிக் குழாயை அதில் நிறுத்தினார். தண்ணீர் குழாய்க்குள் தானாக மேலே ஏறி நின்றது. முன்வரிசை எழுந்து பார்த்தது. “தண்ணி கீழ போறதுதான் நமக்குத் தெரியும். இது மேல ஏறுது. யாரு ஏத்தினா?” என்று கேட்டார். கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

யாரும் பேசவில்லை. மின்விசிறியின் கிரீச் சத்தம் மட்டும் கேட்டது. நான் மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன். பத்து. பதினைந்து. துறைத் தலைவர் பேனாவின் மூடியைக் கழற்றினார். ஸ்காலர் அசையவில்லை. இருபது. என் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. அவர் விட்டுவந்த கிளார்க் நாற்காலியும், அதில் உட்கார்ந்திருக்கிற நான் பார்த்தேயிராத பெண்ணும் கண்முன்னால் வந்தார்கள். இருபத்தைந்து. மூன்றாவது பெஞ்சில், வாய் திறந்தே நான் பார்த்திராத ஒரு பெண் மேசையில் கை ஊன்றிப் பாதி எழுந்தாள். அதைப் பார்த்தேன். பார்த்தும் என் வாய் நிற்கவில்லை.

“வேற யாரு, பஞ்சாயத்து பம்பு ஆப்பரேட்டர்தான்!”

வகுப்பு அதிர்ந்தது. பஞ்சாயத்துத் தண்ணீர் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வரும் என்பதால் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அடங்கியபோது அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். ஸ்காலர் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார், அதே மாதிரி நின்றார். இந்த முறை பிள்ளைகள் அவரைப் பார்க்கவே இல்லை. அடுத்த தமாஷுக்காகத் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணி அடித்தது.

வராந்தாவில் துறைத் தலைவர் என் தோளில் தட்டினார். “நல்ல வேள, நீ காப்பாத்தினே. அந்தக் கொச்சுப் பிள்ளைக்குக் கிளாசு கையில நிக்கல்ல. ஒரு வாய்ப்பும்கூடிக் குடுக்கலாம். வாற வெள்ளி. அதும் இப்படித்தான்னா நான் உள்ளத உள்ளதுபோல எழுதிப்போடுவேன்.”

கெடுத்ததே நான்தான் என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். நான் சிரித்தேன். தட்டிய தோளைக் கொஞ்சம் இறக்கிக் கொடுத்ததாகவும் ஞாபகம்.

அந்த வாரம் முழுக்க பாசஞ்சரில் நான் யாரோடும் சீட்டாடவில்லை. தினமும் தனுவச்சபுரம் வரும்போது, இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன் என்று முடிவெடுப்பேன். நெய்யாற்றின்கரையில் இறங்கும்போது நாளைக்கு என்று ஆகிவிடும். ஸ்காலரை வராந்தாவில் பார்த்தால் நோட்டுப் புத்தகத்தில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொள்வேன். அவரோ வழக்கம்போல “குட் மார்னிங் சார்” என்று சொல்லிவிட்டுப் போவார். திட்டியிருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை வகுப்பு வாசலில் ஸ்காலர் என்னை நிறுத்தினார். கைப்பையிலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். நாரங்கா மிட்டாய்.

“இத வாயில போடுங்க சார். கடிக்கப்பிடாது. இது கரையுதது வர சார் ஒண்ணும் பேசப்பிடாது ஆக்கும்.”

“ஒண்ணு கரைஞ்சுபோச்சுன்னா?”

பொட்டலத்தை அப்படியே என் கையில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

அதே கிண்ணம், அதே குழாய், அதே கேள்வி. போன வாரம் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். விடையை இன்னும் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. கேட்டுவிட்டு நின்றார். என் கன்னத்தில் மிட்டாய். இந்த முறை எண்ணவில்லை. சீனி போனதும் வழவழப்பு வரும், பிறகு ஒரு முனை கூராகும், அதை நாக்கால் தடவிக்கொண்டிருந்தேன். வகுப்பு அசையாமல் இருந்தது. இரண்டு மூன்று தலைகள் என் பக்கம் திரும்பின. நான் கூரையைப் பார்த்தேன். துறைத் தலைவர் பேனாவைத் திறந்தார். மூடினார். என் விலாவில் முழங்கையால் இடித்தார்.

“எலே, என்னவாவது சொல்லு மக்கா. பாவம், நிக்குது பாரு.”

நான் கன்னத்தைத் தொட்டுக் காட்டினேன்.

“பல்லு வேதனையா?”

தலையாட்டினேன். வாய்க்குள் மூன்று தமாஷ் முட்டிக்கொண்டு நின்றன. அதில் ஒன்று உண்மையிலேயே நல்ல தமாஷ். ஸ்காலரின் கழுத்தில் ஒரு நரம்பு துடிப்பது கடைசி பெஞ்சிலிருந்தே தெரிந்தது. அப்போதுதான் அவருக்கும் பயம் உண்டு என்று எனக்குத் தெரிந்தது. ஆனாலும் நின்றார். மிட்டாய் அரிசியளவு ஆகிவிட்டது. பொட்டலத்தை எடுத்தால் காகிதம் சலசலக்கும் என்று அதற்கும் பயம்.

மூன்றாவது பெஞ்சுப் பெண் எழுந்தாள்.

“டீச்சரே, யாரும் ஏத்தல்ல. கண்ணாடிக்கும் தண்ணிக்கும் ஒரு ஒட்டுதல் உண்டு. ஓரத்துல உள்ள தண்ணி கண்ணாடியப் பிடிச்சு ஏறுது. மத்தத அது இழுத்துக்கிட்டுப் போகுது.”

ஸ்காலர் சரி என்றும் சொல்லவில்லை, தவறு என்றும் சொல்லவில்லை. “அப்பிடின்னா ஏன் பாதியில நிக்குது?” என்று மட்டும் கேட்டார். ஜன்னலோரத்துப் பையன் கை தூக்காமலே, “தண்ணிக்கு எடை இருக்குல்லா” என்றான். இன்னொருவன் அவனை மறுத்தான். பாதரசம் ஏறாதே, இறங்குமே என்று ஒரு குரல் வந்தது. மணி அடித்த பிறகும் இரண்டு பேர் குழாயைப் பிடித்துக்கொண்டு தகராறு செய்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. அது கொஞ்சம் வலித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அறையில் துறைத் தலைவர் கையெழுத்துப் போட்டார். “ஒரு வாரத்துல நல்லாப் பழக்கிட்டே எலே” என்றார். இந்த முறை எப்படியோ சொல்லிவிட்டேன்: “சார், போன வாரம் கிளாசக் கெடுத்தது நானாக்கும். அவங்க தப்பில்ல.” அவர் பேனாவை மூடினார். “பல்ல டாக்டர்ட்ட காட்டணும் கேட்டியா” என்றார். அவ்வளவுதான்.

இப்போது அந்தப் பொறுப்பு முழுக்க என் தலையில். புதிதாகப் பாடம் எடுக்க வரும் ஒவ்வோர் ஆராய்ச்சி மாணவருக்கும் வாசலில் ஒரு நாரங்கா மிட்டாய் கொடுத்து, கேள்வி கேட்டால் இது கரையும் நேரமாவது காத்திருங்கள் என்பேன். இன்னொன்றை என் வாயில் போட்டுக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போவேன். வகுப்பு அமைதியானால் இன்றும் முதுகு வியர்க்கிறது. ஏன் சார் மிட்டாய் என்று கேட்பவர்களிடம் இந்தக் கதை முழுவதையும் சொல்வேன். கடைசித் துண்டை மட்டும் விட்டுவிடுவேன்.

அன்று சாயங்காலம், துறைத் தலைவரிடம் உண்மையைச் சொல்லிவிட்ட தைரியத்தில், நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டுக்கே போய் ஸ்காலரைக் கண்டுபிடித்தேன். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். நடந்ததைச் சொல்லிவிட்டு, “இருந்தாலும் அந்தப் பம்பு ஆப்பரேட்டர் தமாஷ் மோசமில்ல, இல்லியா?” என்றும் கேட்டுவைத்தேன். அவர் பஸ் படியில் ஒரு கால் வைத்தபடி திரும்பினார்.

“சாருக்குத் தமாஷ் ஒண்ணும் வராது. மிண்டாம இருக்கப் பயம், அதாக்கும் பேசுதீங்க. பிள்ளைங்க பாவம் பாத்துச் சிரிச்சுக் குடுக்குது.”