நிரப்பிப் பார்க்காத கார்டு

லிப்ட்காரர் என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிடுவார்கள். பழுது பார்க்கப் போன இடத்தில் அவர் பண்ணுகிற அழிச்சாட்டியம் கொஞ்சநஞ்சமல்ல. கயிறு மாற்றி, மோட்டாரைப் பூட்டி, எல்லாம் முடிந்த பிறகும் ஒருவரையும் உள்ளே விடமாட்டார். இரும்பு எடைக்கட்டிகளைச் சுமந்துபோய், கூண்டு தாங்கும் அளவுக்கு அடுக்கி, அடியிலிருந்து உச்சிவரை ஏற்றி இறக்கிப் பார்ப்பார். படியில் மூச்சு வாங்க ஏறுகிறவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். "காலி லிப்ட் யாருக்கு வேணாலும் ஓடும் சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த எடைக்கட்டியைத் தூக்குவார்.

அப்பேர்ப்பட்ட மனிதர் வீட்டு விஷயத்தில் கோட்டை விட்டார்.

அவருடைய தங்கைக்கு ஸ்கூட்டர் விபத்துக்குப் பிறகு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. வலது கை விரல்களும் சரியாக மடங்காது. காலுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு அம்மா வந்துபோவார். முன்னறை ஜன்னலோரக் கட்டில்தான் அவளுக்கு வீடு, வாசல் எல்லாம். கையடக்கமான கேம் கருவி ஒன்றை வாங்கிக் கொடுத்தார். ஒவ்வொரு விளையாட்டுக்கும் அதற்குரிய நகமளவு சில்லைக் கழற்றி மாட்ட அவள் விரல்கள் படும் பாட்டைப் பார்த்துவிட்டு, வீடியோக்கள் பார்த்துப் படித்து, அந்தக் கருவியையே மாற்றியமைத்தார். அதன்பின் எல்லா விளையாட்டுகளும் ஒரே மெமரி கார்டில் இருந்து ஓடின.

அவற்றில் ஒன்று, ஊர் கட்டும் விளையாட்டு. மற்றதெல்லாம் அவளுக்குப் பொழுதுபோக்கு, இது அப்படியில்லை. வெறும் புல்தரையில் ஆரம்பித்து, இரண்டு வருடத்துக்கு மேலாகத் தெரு தெருவாக அவள் கட்டிய ஊர். அங்கே அவள் நடப்பாள், ஓடுவாள், குட்டையில் மீன் பிடிப்பாள். கருவியைக் கையில் எடுக்கும்போது, "போயிட்டு வரேண்ணே" என்று சொல்லிவிட்டுத்தான் எடுப்பாள். அந்த ஊரும் அந்த கார்டில்தான் இருந்தது.

கார்டு நிரம்பிவிட்டது. தங்கைக்குச் செய்யாமல் யாருக்குச் செய்வது என்று, யாரும் கேள்விப்படாத ஒரு விற்பனையாளரிடம் மிகப் பெரிய கார்டு ஒன்றை இணையத்தில் வரவழைத்தார். பழைய கார்டில் இருந்ததையெல்லாம் கணினியில் நகல் வைக்காமல் நேரே புதியதற்கு மாற்றினார். கருவியில் போட்டு, பட்டியலில் முதலில் இருந்த விளையாட்டைத் திறந்தார். ஓடியது. அவ்வளவுதான் சோதனை! வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் அவரே நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பார். சரக்கு வேன் ஓட்டும் மைத்துனன், வண்டிக் கண்ணாடியில் மாட்டிய கேமராவுக்குக் கார்டு வேண்டும் என்று நச்சரித்துக்கொண்டிருந்தான். பழைய கார்டை அன்றைக்கே அவனிடம் கொடுத்துவிட்டார்.

மறுநாள் அவருக்கு விடுமுறை. மனைவி தையல் கம்பெனிக்குப் போயிருந்தாள். முன்னறையிலிருந்து குரல் வந்தது.

"அண்ணே, ஊரு திறக்க மாட்டேங்குது. கருப்பா நிக்குது."

"ஒண்ணுமில்ல பாப்பா. குடு, சரியாயிடும்."

கருவியைச் சமையலறை மேசைக்குக் கொண்டுவந்தார். கார்டைக் கழற்றித் துடைத்துப் போட்டார். கருப்புத்தான். கருவியை இயக்கும் கோப்புகளைப் புதிதாக ஏற்றினார். அதே கருப்பு. வேறு விளையாட்டுகளைத் தட்டிப் பார்த்தார். சில ஓடின, சில பாதியில் உறைந்து நின்றன. கார்டைக் கணினியில் செருகினால் கோப்புகள் எல்லாம் பெயர் மாறாமல், அளவு குறையாமல் வரிசையாக இருந்தன. எல்லாம் இருக்கிறது, ஒன்றும் வேலை செய்யவில்லை.

"என்னண்ணே ஆச்சு?"

"கார்டு சரியா உக்காரல. அஞ்சு நிமிஷம்."

ஊரின் கோப்பை மட்டும் திறந்து உள்ளே பார்த்தார். முதலிலிருந்து கடைசிவரை வெறும் பூஜ்யங்கள். அப்போதுதான் பொட்டில் அடித்த மாதிரி உறைத்தது: இந்தக் கார்டை நான் நிரப்பிப் பார்க்கவில்லை.

கார்டு முழுவதையும் எழுதி நிரப்பி, எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்கும் மென்பொருள் ஒன்றை ஓடவிட்டார். அது நகர்கிற வேகத்துக்கு நத்தை தேவலாம். உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் மேசையைச் சுற்றி வந்தார். கடைசியில் முடிவு வந்தது. மேலே அச்சடித்திருந்த கொள்ளளவில் பத்தில் ஒரு பங்குகூட உள்ளே கிடையாது. அது நிரம்பிய பிறகு வந்ததையெல்லாம் வாங்கிக்கொண்டதாகப் பொய் சொல்லிவிட்டுக் கீழே போட்டிருக்கிறது. போலிக் கார்டு.

ஊர் இனி ஒரே ஒரு இடத்தில்தான் இருக்க முடியும். அந்த இடம் இப்போது எங்கேயோ சாலையில் ஓடிக்கொண்டிருந்தது. வேன் ஓடுகிற வரைக்கும் கேமரா எழுதும். எழுத எழுத அடியில் இருப்பது அழியும்.

மைத்துனனுக்குப் போன் போட்டார். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டார். வண்டி ஓட்டும்போது போனைத் தொடாதே என்று அவனுக்குப் படித்துப் படித்துச் சொன்னவர் அவர்தான். பயல் அதை மட்டும் வேதவாக்காக எடுத்துக்கொண்டிருந்தான். மறுபடி, மறுபடி. ஒருவழியாக அவனே கூப்பிட்டான்.

"மாமா, இத்தனை போனா? அக்காவுக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. வண்டி நிக்குதா? கேமராவ அணை. கார்டை வெளிய எடு."

"கார்டுக்கா? எனக்கு உசுரே போயிடுச்சு மாமா."

"எடுத்தியா இல்லையா?"

"எடுத்துட்டேன், எடுத்துட்டேன். ஆனா மாமா... போட்டப்பவே அழிச்சிட்டு ஆரம்பிக்கவான்னு கேட்டுச்சு. ஆமான்னு அமுக்கிட்டேனே."

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். அவனைத் திட்ட வாய் வரவில்லை. கொடுத்தது அவர்தானே.

சரக்கை இறக்கிவிட்டு அவன் கார்டோடு வந்து சேர்வதற்குள், தங்கை மூன்று முறை கூப்பிட்டாள். மூன்று முறையும் "சரியாயிடும்" என்றார். அழிந்த கோப்புகளைத் தோண்டியெடுக்கும் மென்பொருளில் கார்டைக் கொடுத்தார். சாலை, சிக்னல், லாரியின் பின்புறம், மறுபடி சாலை. கண் பூத்துப்போகும் அளவுக்குச் சாலை. அவற்றுக்கு நடுவே, ஊரின் கோப்பு போலத் தெரிந்தவை இரண்டே இரண்டு. அவற்றை நம்பகமான ஒரு சின்ன கார்டில் ஏற்றிக் கருவியில் செருகினார்.

"அண்ணே, அங்க வெச்சு எதுவும் பண்ணாத. இங்க கொண்டு வா."

"இரு பாப்பா, நான் ஒரு தடவ பாத்துட்டு..."

"பாத்துட்டு வந்து என்ன சொல்லப்போற? சரியாயிடும்பே. ஆஸ்பத்திரியிலயும் டாக்டர்கிட்ட வெளிய நின்னு பேசிட்டு, உள்ள வந்து இதே குரல்லதான் சொன்ன. பொழைச்சாலும் போனாலும் என் கண் முன்னாடி நடக்கட்டும்."

மைத்துனன் சத்தம் காட்டாமல் வாசலுக்கு நழுவினான். லிப்ட்காரர் கருவியைக் கொண்டுபோய்க் கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். போலிக் கார்டு, தான் சோதிக்காதது, வேன் கேமரா. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டு முடித்தாள்.

"சரி, அமுக்கு."

முதல் கோப்பு. கோப்பு சேதமடைந்தது என்று திரையில் வந்தது. அவள் கண்ணை மூடித் திறந்தாள். "அடுத்தது" என்றாள்.

இரண்டாவது. கருப்பு. கருப்பாகவே நின்றது. திடீரென்று திரையில் பச்சை பரவியது. குட்டை, கடைவீதி, அவள் வீடு. "ஐயோ, இருக்கு!" என்று அவள் கத்தினாள். அவருக்குக் கண் நிறைந்து திரையே தெரியவில்லை.

அவள் இடது கையால் திரையில் இருந்த தன் பொம்மையை ஊர் முழுக்க நடத்திக்கொண்டு போனாள். ஆற்றங்கரையில் நின்றாள்.

"பாலம் இல்ல. இது பழைய கோப்பு. போன மாசம் முழுக்கக் கட்டினது போச்சு."

"ஆமா பாப்பா. போச்சு" என்றார். சரியாயிடும் என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டார்.

அவள் கருவியை மடிமேல் கவிழ்த்து வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"டாக்டர் அன்னைக்கு வெளிய வெச்சு என்ன சொன்னாரு?"

"அதான் அப்பவே..."

"அண்ணே."

வெளியே வேனின் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவர் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"இனிமே எழுந்து நடக்க முடியாதுன்னு சொன்னாரு. எனக்குச் சொல்ல தைரியம் வரல பாப்பா."

அவள் அழுதாள். அவரும் அழுதார். கொஞ்ச நேரம் கழித்து அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பயிற்சி குடுக்க வர்ற அம்மா ரெண்டு வருஷமா வர்ற நேரமெல்லாம் என் காலையே புடிச்சு நீட்டிக்கிட்டிருக்காங்க. நான் நடப்பேன்னு நீ சொல்லி வெச்சதால. இனிமே என் கைக்குப் பண்ணச் சொல்லு."