கண்டக்டர் ஐயாவின் விசில்

பளபளப்பெல்லாம் தேய்ந்துபோன ஒரு விசில் என் அலமாரியில் இருக்கிறது. அதைக் கையில் எடுத்தால் இன்றைக்கும் எனக்குக் கால்கள் ஓடத் துடிக்கும். அறுபதுகளில் கொடைக்கானலில், நினைவு தப்பிய பெரியவர்கள் பத்துப் பேர் தங்கியிருந்த விடுதியில் நான் உதவியாளாக இருந்தேன். அந்த நோய்க்கு அன்று எங்களிடம் பெயர் கிடையாது. மறதி என்போம், அவ்வளவுதான். விசிலுக்குச் சொந்தக்காரர் மலைப்பாதை பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டராக ஓடியவர். பெற்ற மகளின் பெயரே அவருக்கு மறந்துபோயிருந்தது. எங்களுக்கு அவர் கண்டக்டர் ஐயா.

வந்த நாளிலிருந்து சாப்பாட்டு வேளையில் விசிலும் கையுமாக நிற்பார், ஊதுவார். மற்றவர்கள் மிரள்கிறார்கள் என்று மேட்ரன் அதை வாங்கிப் பூட்டிவிட்டார். நானும் அப்பாடா என்றேன். அன்றே பிடித்தது வினை. முதல் நாற்காலியில் உட்காரவைத்தால் எழுந்துபோய் வாசலருகே நின்றுகொள்வார். கெஞ்சினேன், அதட்டினேன், ஊட்டிவிடப் பார்த்தேன். வாயைத் திறக்கவே இல்லை. சட்டை தோளில் தொளதொளவென்று தொங்கியது. "இந்த வாரமும் இப்படியே இருந்தா கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிர வேண்டியதுதான்," என்றார் மேட்ரன். போனால் திரும்பமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

அந்த வாரம் வத்தலக்குண்டில் அம்மாவைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் மலையேறினேன். வழியில் ஊத்து என்ற ஊரில் கூட்டம் ஏறியது. கண்டக்டர் ஒவ்வொருவருக்கும் இடம் பார்த்துக் கொடுத்தார். கடைசி ஆள் உட்கார்ந்ததும் விசில் ஊதினார். வண்டி நகர்ந்த பிறகுதான் வாசலோரத் தன் சீட்டில் உட்கார்ந்தார். அட மடச்சி, இது தெரியவில்லையே! பஸ் நின்றதும் நிற்காததுமாக இறங்கி, விடுதிவரை ஒரே ஓட்டம்.

"மேட்ரன் அம்மா, வெரசா சாவியக் குடுங்க! ஆளுங்க ஒக்காராம, விசிலும் ஊதாம அவரு எப்படிங்க ஒக்காருவாரு?"

நாற்காலிகளை இரண்டிரண்டாக ஐந்து வரிசை போட்டோம். வாசலோரம் ஒன்று தனியாக. மற்ற ஒன்பது பேரையும் தட்டோடு உட்காரவைத்துவிட்டு, விசிலை அவர் கையில் கொடுத்தேன். மேட்ரன் கதவுக்கு வெளியே போய் நின்றுகொண்டார். ஐயா வரிசை நெடுக நடந்து பார்த்தார். விசிலை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"நீ ஏம்மா நிக்கிற? எடம் கெடக்குல்ல, ஒக்காரு. வண்டி எடுக்கணும்."

அவர்கள் சாப்பிடும் நேரத்தில் நாங்கள் யாரும் அங்கே உட்கார்ந்ததே கிடையாது. உட்கார்ந்தேன். விசில் பறந்தது. தனி நாற்காலியில் அமர்ந்து, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டார். சந்தோஷத்தில் நான் அழுதேவிட்டேன். கடைசிவரை அவர் எங்களோடுதான் இருந்தார். பிறகு அவர் மகள் விசிலை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனாள்.

இப்போது எனக்கு அவர் வயது. போன வாரம் வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மருமகள் வழக்கம்போல் நின்றுகொண்டிருந்தாள். நான் விசிலை எடுத்துவந்தேன். "நீயும் ஒக்காரும்மா, வண்டி எடுக்கணும்," என்றேன். எனக்கும் மறதி வந்துவிட்டதோ என்று மகன் முகம் வெளிறியது. அவள் தயங்கித் தயங்கி உட்கார்ந்தாள்.

ஊதினேன்.