திராட்சையும் உலர்திராட்சையும்

ஒரு பொருளில் என்னென்ன இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அந்தப் பொருளையே தெரிந்துகொண்டதாகுமா? அவர் ஒருநாளும் இப்படிக் கேட்டுக்கொண்டதில்லை. ஆனால் அவர் பிழைப்பைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி வராமல் இருக்காது. உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வருகிற தின்பண்டத்தையெல்லாம் உலர்த்தி, அரைத்து, உலையில் எரித்து, மிஞ்சியதை எடைபோடுவார். உடன் வேலை செய்தவர்கள் 'சாம்பல்' என்றே கூப்பிட்டார்கள். விருந்தில் அவர் பக்கத்தில் உட்கார ஆட்கள் பயந்தார்கள். வாயருகே போன கவளத்தைப் பார்த்து, "இதுல முக்கால்வாசி தண்ணிதான்" என்பார்.

மனைவிக்கு ஓர் அண்ணன், ஒரு தம்பி. அப்பா விட்டுப்போன சந்தைக் கடையை நடுவில் தடுத்து, அண்ணன் திராட்சைப் பழமும் தம்பி உலர்திராட்சையும் விற்றார்கள். தெருவைப் பார்த்த பாதி யாருக்கு என்பதில் இருவரும் முட்டிக்கொண்டார்கள். "எதுல சத்து அதிகமோ அதை முன்னால வைங்க" என்று யாரோ வாடிக்கையாளர் விளையாட்டாகச் சொல்லிவைக்க, இருவரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். தீர்ப்புச் சொல்லத்தான் வீட்டிலேயே ஆள் இருக்கிறாரே!

"தோத்தவன் இந்தப் படி ஏற மாட்டான், சொல்லிட்டேன்" என்றாள் மனைவி. "எனக்கு இருக்கறது ரெண்டே பேர். அதுல யாரை உங்க உலையில போடப் போறீங்க?"

சோதனை முடிந்து, இருவரையும் வீட்டுக்கு வரச்சொன்னார்.

"எடைக்கு எடை வெச்சா, உலர்ந்ததுல சர்க்கரை, இரும்பு எல்லாம் நாலு மடங்கு கிட்ட."

தம்பி எழுந்தே விட்டார்.

"உக்காருங்க. வைட்டமின் சி காயவைக்கும்போதே போயிடுது. அது பழத்துலதான்."

அண்ணன் மீசையைத் தடவினார்.

"தண்ணியை எடுத்துட்டுப் பார்த்தா, மத்தபடி ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான்."

"அப்போ இத்தனை வருஷமா நான் தண்ணியா வித்தேன், மாப்பிள்ளை?"

"என் சரக்கு இவரோட வாடின சரக்குங்கறீங்களா, அத்தான்?"

"வாடினதுதானேடா! என்கிட்ட விக்காததைத்தானே வாங்கிட்டுப் போய்க் காயவெச்சே!"

"உன் பழத்தை ஈதான் வாங்குதுண்ணே!"

பேச்சு தடித்தது. "இனிமே இந்த வீட்டுக்கு ஒண்ணு அவர் வரணும், இல்லே நான் வரணும்" என்று தம்பி செருப்பை மாட்டினார். சமையலறை வாசலில் நின்றிருந்த மனைவி கணவனைப் பார்த்தாள்.

ஒரு தசமப் புள்ளியை மாற்றி எழுத மறுத்துப் பதவி உயர்வையே தொலைத்த மனிதர் அவர். இப்போது தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எங்க தராசுல கோளாறு. நான் சொன்னது எதுவும் செல்லாது."



"கோளாறு தராசை வெச்சுக்கிட்டா ஊருக்கெல்லாம் சத்து சொல்றீங்க?" என்று தம்பி சிரித்துவிட்டார்.

"கோளாறு தராசுலயா, தூக்கின ஆள்லயாடா?" என்றார் அண்ணன்.

தம்பி செருப்பைக் கழற்றினார். தீர்ப்புச் சொன்னவரைக் கிண்டலடிக்கிற உற்சாகத்திலேயே, முன்பாதியை வாரம் மாற்றி வாரம் வைத்துக்கொள்வது என்று இருவரும் பேசி முடித்தார்கள். கதை சந்தையெல்லாம் சுற்றிப் பரிசோதனைக் கூடத்துக்கும் வந்து சேர்ந்தது. அங்கே தராசு எப்போதும்போல் சரியாகவே இருந்தது.

"தராசுல அப்படி என்னதாங்க கோளாறு?" என்று மனைவி பிற்பாடு எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். அவர் பதில் சொன்னதே இல்லை.