யார் கட்டிய பட்டை?

இங்கே பால் பாட்டிலில்கூடப் பெயர் எழுதி வைக்கிறார்கள். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், துறைமுகத்தை ஒட்டிய கிடங்கு ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஓய்வறையில் ஒரே ஃப்ரிட்ஜ், ஏழு பேருக்கு ஏழு பாட்டில், ஏழிலும் பெயர். வடசென்னைக் கல்மண்டபத்திலிருந்து வந்தவனுக்கு முதலில் இது கஞ்சத்தனமாகப் பட்டது. அப்படியில்லை, அவரவர் பொருளுக்கு அவரவர் பொறுப்பு, அவ்வளவுதான். எழுதுகிற வாக்கியத்துக்குள்ளும் இவர்கள் அதையே எதிர்பார்ப்பார்கள் என்பது போன மாதம்தான் எனக்குப் புரிந்தது.

பெயின்ட் டின் அடுக்கு ஒன்று சரிந்து, தரையெல்லாம் நீலமாகிவிட்டது. யாருக்கும் அடியில்லை. அந்தப் பக்கம் நின்றவர்கள் நானும், மாரெக் என்ற போலந்துக்காரனும்தான். மாரெக் சேர்ந்து இரண்டு மாதம், இன்னும் நிரந்தரமில்லை. ஒரு தவறு அவன் பெயரில் ஏறினால் மூட்டை கட்டவேண்டியதுதான். ஆனால் டின்களைச் சுற்றிப் பட்டை கட்டியது நான். கொக்கி சரியாக மாட்டவில்லை. நடந்ததை எழுதித் தரச் சொன்னார் மேற்பார்வையாளர் லிண்டா. கன்டெய்னர் மேல் எழுதியிருப்பதைப் படித்துப் படித்தே ஆங்கிலம் கற்றவன் நான். பேச்சு வரும், எழுத உட்கார்ந்தால் கை வேர்க்கும். ஒரே நீள வாக்கியமாக எழுதிக் கொடுத்துவிட்டேன்.

லிண்டா மூன்று வட்டம் போட்டார். வாக்கியம் 'நான்' என்கிற 'ஐ'யில் கிளம்பி, நடுவில் 'நாங்கள்' என்கிற 'வீ'க்கு மாறி, 'யூ'வில் போய் நின்றிருந்தது. போதாததற்கு, நேற்று நடந்ததாகத் தொடங்கிய வாக்கியம், டின் விழும் இடத்தில் இன்று நடப்பதாக மாறிவிட்டது. “இன்னும் விழுந்துகொண்டா இருக்கிறது?” என்றார். நான் பதறிப்போய், இல்லை, துடைத்தாகிவிட்டது என்றேன். சிரித்துவிட்டார். ஒரு வாக்கியத்தை யார் தொடங்கினாரோ அவரே முடிக்கவேண்டுமாம், தொடங்கிய காலத்திலேயே முடிக்கவேண்டுமாம். எனக்கு வேடிக்கையாக இருந்தது. எங்கள் டீக்கடையில் கதை சொல்கிறவன், “நேத்து போய்கினே இர்ந்தேன், பாத்தா எதுர்ல நிக்கிறான்” என்று கேட்பவனையும் அந்த இடத்துக்கே இழுத்துப்போய் நிறுத்திவிடுவான்.

பிறகு லிண்டா 'வீ' மேல் பேனாவை வைத்தார். இப்போது சிரிப்பில்லை. “அப்படியானால் மாரெக்கும் சேர்ந்துதான் கட்டினானா?”

எனக்கு ஊர் நினைவு வந்தது. மீன்பிடித் துறைமுகத்தில் பெட்டி இறக்கிய காலத்தில் நாங்கள் ஐந்து பேர் ஒரு செட்டு. ஒருநாள் நான் வழுக்கி, ஒரு பெட்டி வஞ்சிரம் சேற்றில் கொட்டிவிட்டது. எவன்டா அது என்று வியாபாரி பாய்ந்தார். ஐந்து பேரும் ஒரே குரலில், “நாங்கதாண்ணே” என்றோம். அவர் முணுமுணுத்துக்கொண்டு போய்விட்டார். என் தோஸ்து செல்வம் காதோரம் சொன்னான்: “அஞ்சு பேர திட்றதுக்கு ஒரு வாய் பத்தாது மாமு.” ஊரில் அந்த ஒரு சொல் எத்தனையோ நாள் என் முதுகைக் காத்திருக்கிறது. இங்கே அதே சொல் ஒன்றும் செய்யாத ஒருவனைப் பிடித்து உள்ளே தள்ளுகிறது.

லிண்டா மாரெக்கையும் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். ஓய்வறையில் அவன் கேட்டேவிட்டான்: “என்னை ஏன் சேர்த்தாய்?” கூட நின்றவனை விட்டுவிட்டு 'நான்' என்பது எங்கள் ஊரில் மரியாதையில்லை என்று விளக்கப் பார்த்தேன். என் ஆங்கிலத்தில் அது எப்படி விழுந்ததோ, “மரியாதை வேண்டாம், வேலைதான் வேண்டும்” என்றான்.

வேறு காகிதம் வாங்கினேன். நான் கட்டினேன், நான் கொக்கியைப் பார்க்கவில்லை, நான் திரும்பிக்கொண்டேன். எல்லாம் நான், எல்லாம் நேற்று. எழுத எழுதக் கூச்சமாக இருந்தது. ஊரில் இத்தனை 'நான்' போட்டால், இன்னா பெரிய ஆளா நீ என்று கேட்பார்கள். லிண்டா ஒரு வட்டமும் போடவில்லை. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, ஃபோர்க்லிஃப்ட் பயிற்சிப் பட்டியலிலிருந்து பெயர் போனது. மாரெக்கின் வேலை தப்பியது.

கடிதம் வந்த மதியம் செல்வத்துக்கு ஃபோன் போட்டேன். எதிரே மாரெக் தன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தான். நாங்க ஒரு பட்டையைச் சரியா கட்டல மாமு என்றேன், என்னை அறியாமல். யார் கட்டியது என்று செல்வம் கேட்கவில்லை. அடிபடலியே என்று மட்டும் கேட்டான். பிறகு, “வுடு மாமு, எல்லாரும் சாப்ட்டீங்களா?” என்றான்.

என் பெயர் மட்டும் இருந்த கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, சாப்பிடுகிறோம் என்றேன்.